எட்டாவது வெங்காய இதழ்

புத்தாண்டுக் காலை. சுவிட்சர்லாந்தின் ஷாஃப்ஹவுசன் ரயில் நிலையத்தருகே, யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரின் கடையில் தேநீருக்குக் காத்திருக்கிறேன். மேசையில் பன்னிரண்டு வெங்காய இதழ்கள் கிண்ணம் கிண்ணமாக வரிசையில் இருக்கின்றன. உள்ளே நேற்றிரவு இட்ட உப்பு.

"ஒவ்வொண்டும் ஒரு மாசம். காலமை எதில உப்புக் கரைஞ்சு கிடக்கோ, அந்த மாசம் மழை. பக்கத்து வீட்டுச் சுவிஸ்காரி சொல்லித் தந்தவ," என்கிறார் கடைக்காரர்.

எண்ணிக்கொண்டே போகிறேன். எட்டாவது இதழ் வெறுமையாக இருக்கிறது.

"இதுல உப்பு போட மறந்துட்டீங்களா அண்ணே?"

அவர் அந்த இதழை எடுத்து, துணியால் மெல்லத் துடைத்து, திரும்ப வைக்கிறார்.

"மறக்கேல்லை. ஆகஸ்டில மகளுக்கு ரைன் ஆத்தங்கரையில கலியாணம். எட்டு ஆகாத நம்பர் எண்டு ஆக்கள் ஏற்கெனவே கதைக்கினம். அந்த மாசத்தைப் பற்றி மட்டும் நான் வெங்காயத்திட்ட ஒண்டும் கேக்கேல்லை."