சிவப்பு நூல் கட்டிய புல்

போன வாரம் வரை என் விசில் கயிற்றில் ஒரு சிவப்புக் கம்பளி நூல் தொங்கிக்கொண்டிருந்தது. எதற்கென்று பிள்ளைகள் கேட்டால், திருஷ்டிக்கு என்று சொல்லி வாயை அடைத்துவிடுவேன். உண்மையில் அது எங்கள் பள்ளியில் ஆறு வருடம் விலங்கியல் நடத்திய டீச்சர் ஒரு புல் குத்தில் கட்டிய நூல்.

பள்ளி அவனியாபுரம் தாண்டி இருக்கிறது. விமானம் இறங்கும்போது மைதானத்தில் நான் கத்துவது எனக்கே கேட்காது. பி.டி. வாத்தியாரான எனக்குப் புல் என்றால் பகை. பந்து நிற்கும், பாம்பு வரும். அந்தப் புல்லுக்குள்தான் டீச்சர் மதியச் சாப்பாட்டை முடித்த கையோடு போய்க் குத்தவைத்து உட்காருவார். வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவர். பூச்சியை எண்ணும்போது மட்டும் அந்தப் பாஷை தானாக வந்துவிடும். எனக்குச் சிரிப்பாக இருக்கும். நெல்மணியைவிடக் கொஞ்சம் பெரிய, வைக்கோல் நிற அந்துப்பூச்சி, அவ்வளவுதான். நடந்தால் காலடியிலிருந்து எழும்பி, இரண்டு எட்டு தள்ளி விழும். விழுந்த இடத்தில் தேடினால் இருக்காது. சிறகைச் சுருட்டிக்கொண்டு, புல் தண்டில் தலைகீழாக ஒட்டி, அதுவும் ஒரு தண்டாகிவிடும். பறந்தபடியே முட்டைகளைப் புல்லுக்குள் சிந்திவிட்டுப் போகுமாம். புழு வேரோரத்தில் நூலால் ஒரு குழாய் நெய்து, அதற்குள் இருந்துகொண்டே புல்லைக் கடித்து, அங்கேயே கூடும் கட்டுமாம்.

“புழுவப் பாத்துட்டேன், பூச்சியப் பாத்துட்டேன் சார். கூட்ட விட்டு வெளிய வர்றத ஒரு தடவையாவது பாத்துடணும். பொழுது சாஞ்சாத்தான் வரும். அப்ப நான் பஸ்ஸுல நின்னுக்கிட்டிருப்பேன்” என்பார். இங்கே இருந்த கடைசி வருடம், தை மாதம், எப்படியாவது மாலையில் தங்கிப் பார்ப்பது என்று முடிவு செய்து, லாங் ஜம்ப் குழிக்குப் பின்னால் குழாய் தென்பட்ட ஒன்பது புல் குத்துகளில் அடையாளத்துக்குச் சிவப்பு நூல் கட்டினார். விளையாட்டு விழாவுக்குப் புல் செதுக்கும்போது அந்த மூலையை மட்டும் விட்டுவிடச் சொன்னார். சரி என்றேன்.

என் வழக்கம் ஒன்று உண்டு. பிடுங்க வேண்டிய முள்செடி, கல் எல்லாவற்றிலும் கிழிந்த கொடியின் சிவப்புத் துணியைக் கட்டிவிடுவேன். வேலையாட்கள் பார்த்து எடுப்பார்கள். டீச்சர் கட்டியதும் சிவப்பு என்பது உறைக்காமல், அவர்களிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போட்டிக்குப் போய்விட்டேன். திரும்பி வந்ததும், புல் செதுக்கும் அக்கா பெருமையாகச் சொன்னார்: “சார், செவப்பு கட்டுனது அம்புட்டையும் வேரோட எடுத்தாச்சு.”

டீச்சரும் நானும் குப்பை மேட்டைக் கிளறினோம். ஒரே ஒரு குத்தில் குழாய் நசுங்காமல் இருந்தது. பழைய பெயிண்ட் டப்பாவில் மண் போட்டு அதை நட்டு, மேலே வலை கட்டினோம். அவர் திட்டியிருந்தால் தேவலை. “நான்தான் வேற கலர் கட்டியிருக்கணும்” என்று மட்டும் சொன்னார். அடுத்த வாரமே திண்டுக்கல் பக்கம் மாறுதல் வந்துவிட்டது. டப்பாவை என் மேசையில் வைத்து, “வந்துச்சுன்னா போன் பண்ணுங்க சார்” என்றார்.

வரவில்லை. ஒரு மாதம் கழித்துக் குழாயைப் பிரித்தேன். உள்ளே புழு செத்துக் கருகிய தோலாகக் கிடந்தது. குத்தில் இருந்த சிவப்பு நூலை மட்டும் அவிழ்த்து என் விசில் கயிற்றில் கட்டிக்கொண்டேன். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போன் செய்து, பூச்சி வந்துவிட்டது என்றேன்.

“எப்ப சார்?”

“காலைல பத்து மணி இருக்கும் டீச்சர். ரெண்டாவது பீரியடு.”

“தலைகீழா உக்காந்துச்சா?”

“ஆமா. தண்டோட தண்டா.”

“ரொம்ப சந்தோஷம் சார்.”

போனை வைத்த பிறகுதான், பொழுது சாய்ந்தால்தான் வரும் என்று அவர் சொன்னது எனக்கு நினைவு வந்தது. அவருக்கு அது மறந்திருக்க வழியில்லை. தெரிந்தும் என் பொய்யைக் குத்திக்காட்டாமல் விட்டார். அந்த வெட்கம் இன்றைக்கும் போகவில்லை.

இப்போது பிடுங்க வேண்டியதற்கு நீலத் துணிதான் கட்டுகிறேன். சிவப்பைக் கண்டால் மண்வெட்டி படக்கூடாது என்று அந்த அக்காவே புது ஆட்களுக்குச் சொல்கிறார். இந்த வருடம் அதே மூலையில் ஒரு குத்தில் குழாய் தெரிந்தது. வலை போட்டு, விசில் கயிற்றிலிருந்த நூலை அவிழ்த்து அதில் கட்டினேன். ஐந்து நாளாகப் பள்ளி விட்டதும் வீட்டுக்குப் போகாமல் அதன் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறேன். வந்தால் டீச்சருக்குப் போன் செய்து, அந்தப் பத்து மணிப் பூச்சி பொய் என்று முதலில் சொல்ல வேண்டும். பிறகு, இப்போது மணி ஆறேகால் என்று சொல்ல வேண்டும்.