ஆட்டுக்காரி சொன்னால்

எழுபதுகளின் கடைசியில் பசுவந்தனைக்குப் பக்கத்து ஊரில் நாலாம் வகுப்பு டீச்சராக இருந்தேன். பாடப்புத்தகத்தில் ஒரு கதை. நிலம் வைத்துப் பயிர் செய்யும் ஒரு சம்சாரியின் பருத்திக்காட்டில் ஆடுகள் இறங்கி மேய்ந்துவிடும். அவர் அவற்றைப் பிடித்துத் தொழுவில் அடைப்பார். ஆட்டுக்காரி மன்னிப்புக் கேட்பாள். அவ்வளவுதான்.

"இது சம்சாரி பக்கத்துக் கதை. ஆட்டுக்காரி சொன்னா எப்படி இருக்கும்?" என்று கேட்டேன். நானாக யோசித்து வைத்திருந்த கேள்வி. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

கடைசி வரிசையில் ஒரு பிள்ளை எழுந்தாள். அவள் அம்மா ஆடு மேய்ப்பவள். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை.

"தம்பிக்குக் காய்ச்சல் டீச்சர். மடியில போட்டு உக்காந்திருந்தா. ஆடு காட்டுக்குள்ள இறங்கினத அவ பாக்கல."

"நல்லா சொல்லுத. பொறவு?"

"ஆட்ட அடைச்சிட்டாவ. சாயங்காலம் வரைக்கும் அவிய வாசல்ல நின்னு கெஞ்சினா. அதுக்குப் பொறவுதான் அவுத்து விட்டாவ. ஆஸ்பத்திரிக்குப் போற பஸ்ஸுலயே தம்பி செத்துப்போனான்."

நான் அந்த ஊருக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அவள் சொன்னது கதையில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

முன்வரிசையிலிருந்து இன்னொரு பிள்ளை அழுதுகொண்டே எழுந்தாள். "காய்ச்சல்னு எங்க அப்பாட்ட யாரும் சொல்லல டீச்சர். இவ பொய் சொல்லுதா."

"சொன்னாவ. நானும் கூட நின்னேன்" என்றாள் கடைசி வரிசைப் பிள்ளை, குரலை உயர்த்தாமல்.

புத்தகத்தை மூடச் சொன்னேன்.

மறுநாள் அந்த அப்பா பள்ளிக்கூடத்துக்கு வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று பயந்தேன். வேப்பமரத்தடியில் தலை குனிந்து நின்றார்.

"மழை தப்பின வருசம் டீச்சர். மிஞ்சினது அந்தப் பருத்திதான். காய்ச்சல்னு அவ சொன்னது காதுல விழுந்துச்சு. நடிக்கான்னு நெனச்சேன்." துண்டால் முகத்தைத் துடைத்தார். "எம் பிள்ளைட்ட மட்டும் சொல்லிராதீய."

நான் சொல்லவில்லை. வகுப்பிலும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பிள்ளைகள் ஆடு மேய்ப்பவளின் மகளைப் 'பொய்க்காரி' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். ஒரு வாரத்தில் அவள் வருவது நின்றுபோனது.

அவள் வீட்டுக்குப் போனேன். அம்மாதான் வெளியே வந்தாள். பிள்ளை உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"அவ சொன்னது நெசம்னு எனக்குத் தெரியும்" என்றேன்.

"எங்கிட்ட சொல்லி என்ன டீச்சர்? அதை வகுப்புல சொல்லியிருக்கலாம்லா" என்றாள் அந்த அம்மா. கோபம்கூட இல்லை அவள் குரலில்.

தை பிறந்ததும் அவர்கள் கழுகுமலைப் பக்கம் தீப்பெட்டி வேலைக்குப் போய்விட்டார்கள். வருகைப் பதிவேட்டில் அவள் பெயரை நான்தான் அடித்தேன்.