பிரேக் வேலுமணி சைக்கிள் கற்றுக்கொடுத்த கதை

மலைமேல் இருக்கிற கூக்கால் கிராமத்தில் போய் வேலுமணி வீடு எது என்று கேட்டால், எந்த வேலுமணி என்பார்கள். பிரேக் வேலுமணி என்றால் சின்னப் பிள்ளைகூட வீட்டைக் காட்டிவிடும். இருபத்திரண்டு வருஷமாகப் பூண்டு மூட்டையும் கேரட் மூட்டையும் ஏற்றிக்கொண்டு மலையிறங்குகிற பிக்கப் வண்டிக்காரர். இதுவரை ஒரு கோழிக்குஞ்சைக்கூட இடித்ததில்லை என்பதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை. டீ குடிக்க இரண்டு நிமிஷம் வண்டியை நிறுத்தினாலும் ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, கியரில் விட்டு, அதுவும் போதாதென்று இறங்கி டயருக்கு ஒரு முட்டுக்கல் வைத்துவிட்டுத்தான் டம்ளரைக் கையில் வாங்குவார். சமதரையிலும் வைப்பார்.

இப்பேர்ப்பட்டவர்தான் மகளுக்கு சைக்கிள் சொல்லிக்கொடுக்கக் கிளம்பினார்.

மகள் பாண்டிச்செல்விக்குப் பதினாறு வயது. எந்தக் கூட்டத்திலும் கடைசியில் நின்று, கேட்டால் மட்டும் பேசுகிற பெண். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசாங்கம் கொடுக்கிற சைக்கிள் அவளுக்கும் வந்தது. மேடும் பள்ளமுமான ஊரில் அவள் அதுவரை சைக்கிளைத் தொட்டதுகூட இல்லை. விஷயம் தெரிந்ததும் தாய்மாமன் மணியன் பழனியிலிருந்து போன் போட்டுவிட்டான்.

"மலையில அத வச்சு என்னக்கா செய்யப் போறீங்க? ஞாயித்துக்கெழம நம்ம வண்டி அங்கிட்டு வருது. ஏத்திக்கிட்டு வந்துர்றேன். எம் மக ஓட்டட்டும்."

நியாயமான பேச்சுதான். வீட்டில் யாரும் மறுப்புச் சொல்லவில்லை. பாண்டிச்செல்வி மட்டும் அப்பாவிடம் வந்து, "ஓட்டத் தெரிஞ்சா குடுக்க வேண்டாம்லப்பா?" என்று கேட்டாள். அவள் வாய்விட்டு ஒன்றைக் கேட்டு வேலுமணி பார்த்ததே இல்லை. மனுஷன் உருகிப்போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஓட்ட வைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தார்.

ஊரில் சமதரை என்று சொல்ல ஏரியோரத்து மண்பாதை ஒன்றுதான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அங்கே கூட்டிப்போய், சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார். நாலு மிதி மிதிப்பதற்குள், "வளைவு வருது தாயி, பிரேக்கு!" என்று கத்தினார். வளைவு எங்கேயோ இருந்தது. சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளை, இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்து விழுந்தாள். மறுநாள் ஒரு மாட்டைப் பார்த்து, "பிரேக்கு!" என்றார். மறுபடி விழுந்தாள். மாடு தன்பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருந்தது. மூன்றாம் நாள், "மிதி, நல்லா மிதி" என்கிறார், சைக்கிள் அசையவே இல்லை. குனிந்து பார்த்தால் முன்சக்கரத்துக்கு முட்டுக்கல். பழக்கதோஷத்தில் இவரே வைத்தது.

சனிக்கிழமை சாயங்காலம் முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டே, "எனக்கு வராதுப்பா. மாமாட்டயே குடுத்துரலாம்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளனே வேலுமணியின் மனைவி முருகம்மாளும் ஏரிக்கு வந்தாள். மகள் ஒருதடவை விழுந்ததைப் பார்த்தாள், அவளுக்கு அது போதும்.

"ஏங்க, பயம் புள்ளைக்கு இல்ல. உங்களுக்குத்தான்."

"எனக்கா? எத்தன கொண்டை ஊசி வளைவு..."

"வாயக் கொஞ்சம் மூடுங்க" என்றவள், அவர் காதைச் சுற்றியிருந்த மஃப்ளரைக் கீழே இறக்கி வாயோடு சேர்த்து இறுக்கிக் கட்டிவிட்டாள்.

அவள் சொன்னது பொய்யில்லை. மலைப்பாதையில் கவிழ்ந்து கிடந்த வண்டிகளை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். ஒவ்வொருதடவையும் மகள் முகம்தான் கண்முன்னால் வரும். அதை ஒருத்தரிடமும் சொன்னதில்லை. சொல்லத் தெரிந்ததெல்லாம் பிரேக் என்கிற ஒரே வார்த்தை.

மறுபடி சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடினார். மஃப்ளருக்குள்ளிருந்து, "ம்ம்! ம்ம்ம்!" என்று சத்தம் வந்தது. பாண்டிச்செல்வி அதைக் காதில் வாங்கவில்லை. பத்து மிதி, இருபது மிதி. இவர் மூச்சு வாங்கி நின்றுவிட்டார். சைக்கிள் நிற்கவில்லை. வளைவில் திரும்பி மரங்களுக்குப் பின்னால் மறைந்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து மணியன் வண்டியோடு வந்து சேர்ந்தான்.

"என்ன மச்சான், பல்லு வலியா? சைக்கிள் எங்க?"

வேலுமணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண்ணெல்லாம் அந்த வளைவிலேயே இருந்தது. ஓடிப்போய்ப் பார்க்கலாமென்றால் முருகம்மாள் கையைக் கெட்டியாகப் பிடித்திருந்தாள். ஏரியை விழுங்கிவிட்ட பனியில் எதுவும் தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் மணிச்சத்தம் கேட்டது. பாண்டிச்செல்வி நேரே மாமாவின் வண்டியைப் பார்த்து வேகமாக வந்துகொண்டிருந்தாள். வேலுமணி மஃப்ளரைக் கழுத்துக்கு இழுத்துவிட்டு, "பிரே..." என்று தொடங்கி, மிச்சத்தை விழுங்கிக்கொண்டார். அவளாகவே பதமாகப் பிரேக்கைப் பிடித்து, வண்டிக்கு ஒரு முழம் முன்னால் நின்று இறங்கினாள். சுற்றுமுற்றும் பார்த்து உள்ளங்கை அகலத்தில் ஒரு கல்லை எடுத்துவந்து சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்தாள். காலால் ஒருதடவை தட்டியும் பார்த்துக்கொண்டாள்.

பிறகு யாரும் கேட்காமலே, "வாங்க மாமா. சைக்கிள் இங்கயே இருக்கட்டும்" என்றாள்.

மஃப்ளர் கழுத்தில்தான் கிடந்தது. வேலுமணி அதைத் தானாகவே வாய்க்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டார்.