கெயிலின் மைல் அட்டை

நோரீன் ஹாஸ்கெட்டுக்கு வயது அறுபத்தொன்று. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை. பத்து வருஷத்துக்கு முந்தைய ஒரு டிசம்பரில் அவள் படுத்தவள் படுத்தவள்தான். காய்ச்சல் இல்லை, வலி இல்லை. நாளுக்கு நான்கு மணி நேரம்கூடச் சூரியன் தலைகாட்டாத அலாஸ்காவில் அந்த நோய்க்கு யாரும் பெயர் கேட்பதில்லை. அவள் சிநேகிதி கெயில்தான் போர்வையை உருவிப் போட்டு, "எந்திரிடி, இல்லன்னா பனியில தூக்கிப் போட்டுருவேன்" என்று என் சைக்கிள் கடைக்கு இழுத்து வந்தாள்.

கொழுத்த டயர் போட்ட பழைய சைக்கிள் ஒன்றை நான்தான் விற்றேன். "காத்தை நல்லா இறக்கணும். கட்டைவிரல் அமுங்கணும்" என்றேன். "எனக்கும் கொஞ்சம் இறக்கி விடு மெர்ல், பேன்ட்டு இடுப்புல ஏற மாட்டேங்குது" என்று சிரித்தாள் நோரீன். அந்த வருஷம் அவள் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. ஆற்றங்கரைக் காட்டுக்குள் நான்கு மைல் பாதை போட்டாள். ஒவ்வொரு பனிப்பொழிவுக்கும் பிறகு பனியில் ஓடும் மோட்டார் வண்டிக்குப் பின்னால் பழைய இரும்புக் கட்டிலைக் கட்டி இழுத்துப் பனியை அழுத்துவாள். அழுத்திய பனி ஓர் இரவு கிடந்து இறுக வேண்டும். அதுவரை பாதை வாசலில் ஆரஞ்சு ரிப்பன் ஒன்று கட்டியிருக்கும். அது பூட்டு மாதிரி. இறுகாத பனியில் சக்கரம் பட்டால் பள்ளம் விழும், விடிவதற்குள் பள்ளம் கல்லாகிவிடும், அடுத்த பனி விழும்வரை அந்தப் பாதை யாருக்கும் உதவாது. மறுநாள் ரிப்பனை அவிழ்த்து நோரீன் முதலில் போவாள். கெயில் பின்னால் போவாள். பத்து வருஷமும் அப்படித்தான்.

இந்தக் குளிர்காலத்தில் நோரீனுக்கு ஒரு வெறி பிடித்தது. தன்னைப் போலவே வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த எட்டுப் பேரைத் தேடிப் பிடித்து, சைக்கிள் ஏறப் பழக்கினாள். பிப்ரவரி ஏழு, சனிக்கிழமை, அவர்களை முதன்முதலாகக் காட்டுக்குள் கூட்டிப் போவதாக ஏற்பாடு. வெள்ளிக்கிழமை மத்தியானம் முழுக்கக் கட்டிலை இழுத்துப் பாதையை அழுத்தினாள், ரிப்பன் கட்டினாள், வீட்டுக்குப் போய்ப் படுத்தாள்.

சனிக்கிழமை காலையில் பாதை நெடுகப் பள்ளம். பரவாயில்லை, மெதுவாகப் போகலாம் என்று கிளம்பினார்கள். அரை மைல் போவதற்குள் எழுபது வயது வெண்டல் சக்கரம் மாட்டி விழுந்து தோள்பட்டை எலும்பை முறித்துக்கொண்டார். மற்ற ஏழு பேரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே திரும்பினார்கள். அத்தோடு சரி, ஒருவர்கூட மறுபடி வரவில்லை.

டெக்ஸாஸிலிருந்து புதிதாக வந்திருந்த லூயிஸ் அப்போது அங்கே நின்றிருந்தான். விமான நிலையத்தில் மெக்கானிக். முந்தின வாரம்தான், "ரிப்பன் கட்டியிருந்தா ஏன் ஓட்டக்கூடாது?" என்று கேட்டிருந்தான். அது போதாதா? நோரீன் எரிமலையானாள்.

"கண்ணு தெரியலையா உனக்கு? ஒரு கிழவனோட எலும்பை முறிச்சிட்டு நிக்கிறியே, வெக்கமா இல்ல?"

"நான் இல்லைங்க. நேத்து நான்..."

"பேசாத! இந்தப் பக்கம் இனிமே கால் வைக்காத!"

கெயில் பக்கத்தில் நின்று ஃபிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக்கொண்டிருந்தாள். "விடுடி, புதுசா வந்தவங்களுக்கு என்ன தெரியும்" என்றாள். நானும் தலையாட்டினேன். அதை மறைக்க மாட்டேன்.

மார்ச் கடைசியில் எங்கள் ஊர் சைக்கிள் சங்க விருந்து. ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டு வருவோம். குளிர்காலம் முழுக்க ஓட்டிய மைல்களைத் தேதிவாரியாக எழுதிய அட்டைகளை நான் உரக்க வாசிப்பேன், கேலி செய்வேன், அதிக மைல் ஓட்டியவருக்குக் கம்பளித் தொப்பி. அந்த அட்டையில் பொய் எழுதுபவன் எங்கள் ஊரில் கிடையாது. ஓட்டிய மைலை எழுதாமல் விடுபவனும் கிடையாது. வாங்கிய சம்பளத்தை விட்டாலும் விடுவோம், மைலை விடமாட்டோம்.

கெயிலின் அட்டையை எடுத்தேன். "பிப்ரவரி அஞ்சு, வீட்ல தூக்கம். பிப்ரவரி ஆறு, வெள்ளி சாயங்காலம், ஆத்துப் பாதை, எட்டு மைல். அடேயப்பா, போக வர முழுசாவா!" என்று நீட்டி முழக்கினேன். வாசித்து முடித்த பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் என் வாயால் கெட்டது.

பாதை வாசலில் ரிப்பன் கட்டியிருந்த சாயங்காலம் அது.

நோரீன் எழுந்திருக்கவில்லை. "நீயா?" என்றாள்.

கெயில் தட்டையே பார்த்தாள். "ஒரே ஒரு தடவைடி. பத்து வருஷமா உன் டயர் தடத்துலயே வர்றேன். யாரும் மிதிக்காத பாதையில ஒரு தடவை போகணும்னு ஆசை. இறுகியிருக்கும்னு நெனச்சேன். திரும்பி வரும்போதுதான் பள்ளத்தைப் பாத்தேன்."

"கேட்டிருந்தா உன்னையே முன்னாடி போகச் சொல்லியிருப்பேனே."

"தெரியும்."

"அந்தப் பையனை நான் கிழிச்சப்ப, பக்கத்துல நின்னு எனக்குக் காபி ஊத்தினியேடி."

கெயில் தட்டைத் தள்ளி வைத்தாள். கூட இருந்தே குழி பறித்துவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது. பாதிக் கோபம் என் மேல்.

மறுநாள் காலை நோரீன் என் வண்டியில் ஏறினாள். லூயிஸ் வீட்டுக்குப் போனோம். வெளியே குளிர் மைனஸ் பதினைந்து டிகிரி. எங்கள் ஊரில் பரம விரோதி வந்து கதவைத் தட்டினாலும் முதலில் உள்ளே இழுத்துப் போட்டுவிட்டுத்தான் சண்டை போடுவோம். லூயிஸ் கதவைப் பாதி திறந்து, அதிலேயே நின்றுகொண்டான்.

நோரீன் நடந்ததையெல்லாம் சொன்னாள். மன்னிப்புக் கேட்டாள்.

"அந்த வெள்ளிக்கிழமை ராத்திரி வரைக்கும் நான் வேலையில இருந்தேங்க. அதத்தான் சொல்ல வந்தேன்" என்றான் மரியாதையாக. "சைக்கிளை வித்துட்டேன். மே மாசம் ஊருக்கே திரும்பிப் போறோம். இங்க யாரும் எங்கிட்ட பேசறதில்ல. பொண்டாட்டி ஜன்னல் பக்கமே போறதில்ல, எந்நேரமும் படுத்தே கிடக்கிறா."

உள்ளே வாருங்கள் என்று அவன் சொல்லவே இல்லை. கதவு சத்தமில்லாமல் மூடியது.

வரும் வழியில் கெயில் வீட்டுத் திருப்பம் வந்தது. நான் வேகத்தைக் குறைத்தேன்.

"நேராப் போ மெர்ல்" என்றாள். "அவள மன்னிச்சிரலாம்னு நெனச்சுதான் காலைல கிளம்பினேன்."