என் பாஸ்போர்ட்டில் மிச்சமிருந்த நான்கு மாதம்

எங்கள் வீட்டில் எந்தப் பயணமும் பஞ்சாங்கத்தைக் கேட்காமல் புறப்பட்டதில்லை. ஊருக்குள்ளேயே, வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு ஒரு கலியாண வீட்டுக்குப் போவதென்றாலும் அப்பா ராகுகாலம் பார்ப்பார். சிங்கப்பூருக்கு என்றால் கேட்கவா வேண்டும்! எனக்கு அப்போது எட்டு வயது. அம்மாவும் நானும் போவதாக ஏற்பாடு. வங்கியில் வேலை பார்த்த அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை.

போகிற காரணம் நல்ல காரணமல்ல. சிங்கப்பூரில் இருந்த பெரியம்மாவுக்குப் புற்றுநோய். அம்மாவின் ஒரே அக்கா. பெற்றவர்கள் வேளைக்கே போய்ச் சேர்ந்துவிட, அம்மாவைக் குளிப்பாட்டி, தலை இழுத்துப் பின்னி, பள்ளிக்கூடம் அனுப்பி, கட்டிக்கொடுத்ததெல்லாம் அவர்தான். முன்பு வீடியோவில் மணிக்கணக்காகக் கதைப்பவர், நோய் கூடிய பிறகு முகத்தைக் காட்டாமல் குரலில் மட்டும் வந்தார். ஒருநாள் பெரியப்பா எடுத்து, “வாறதெண்டால் கெதியா வாங்கோ, பிந்த வேண்டாம்” என்றார். அம்மா போனை வைத்துவிட்டு வெங்காயம் உரிக்கப் போனார். ஒரு கறிக்கு எவ்வளவு வெங்காயம் வேண்டும்? வீட்டில் இருந்ததை எல்லாம் உரித்து வைத்தார்.

என்னையும் கூட்டிப்போவதில் அப்பாவுக்கு விருப்பமில்லை. “நீர் மட்டும் போயிட்டு வாருமன். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எல்லே” என்றார். அம்மா ஒரே பிடியாக நின்றார். “அக்கா பிள்ளையைப் பாக்க ஆசைப்படுறா.” பெரியம்மா அப்படிக் கேட்டு நான் கேட்கவில்லை. கேட்டிருக்கவும் கூடும்.

டிக்கெட்டைப் பெரியப்பாவே அங்கிருந்து போட்டு அனுப்பினார். இங்கே மிளகாய்த்தூள் வறுத்து இடித்தார்கள். மேல்மாடி அன்ரி தன் தங்கைக்கு ஒரு பார்சல் தந்தார், எதிர்வீட்டுக்காரர் தன் மகனுக்கு ஒன்று தந்தார். ஒருவர் வெளிநாடு போகிறார் என்றால் அவருடைய பெட்டியில் ஊருக்கே பங்கு உண்டு. அப்பா அலுமாரியிலிருந்து பாஸ்போர்ட்டுகளை எடுத்தார். மூன்றும் ஒரே நாளில் எடுத்தவை, ஒரே இறப்பர் வளையத்தில் கிடந்தவை. மேலே இருந்ததை விரித்துப் பார்த்து, “இன்னும் ஏழு வருசத்துக்குமேல கிடக்கு, யோசிக்கத் தேவையில்லை” என்று அறிவித்தார். அவர் விரித்துப் பார்த்தது அவருடைய பாஸ்போர்ட்டை. பயணம் போகாத ஒரே ஆளின் பாஸ்போர்ட்டை!

இன்றைக்கு நான் வெள்ளவத்தைக் காலி வீதியில் ஒரு விமான டிக்கெட் கடையில் வேலை செய்கிறேன். யார் வந்தாலும் பிள்ளையின் பாஸ்போர்ட்டை முதலில் தாருங்கள் என்று கேட்பேன். பெரியவர்களுக்குப் பத்து வருடம் கொடுக்கிற இடத்தில் எங்களைப் போன்ற சின்னதுகளுக்கு மூன்று வருடம்தான் கொடுத்திருந்தார்கள். அப்பாவுக்கு அது தெரியாமலில்லை. சுபநேரம் தேடுகிற அவதியில் மறந்துபோனார்.

சுபநேரத்தில்தான் புறப்பட்டோம். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தோம். எங்களை ஏற்ற வந்த வானின் சில்லுக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசித்தோம். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் அப்பா வாசலோடு நின்றுவிட, அம்மாவும் நானும் உள்ளே போனோம். கவுண்டரில் இருந்த பெண் என் பாஸ்போர்ட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் பாஸ்போர்ட்டைப் பார்த்தாள். சிங்களத்தில் ஏதோ சொன்னாள். அம்மாவின் சிங்களம் மரக்கறிக் கடைக்குத்தான் காணும். அவள் பக்கத்துக் கவுண்டரில் இருந்த முஸ்லிம் இளைஞரைக் கூப்பிட்டாள்.

“மேடம், புள்ளட பாஸ்போட்டுல நாலு மாசந்தான் ஈக்கி. அங்க எறங்குற நாள்ல ஆறு மாசம் ஈக்கோணும். இல்லாட்டி அங்கேருந்தே திருப்பி அனுப்பிருவாங்க.”

“நாங்கள் ரெண்டு கிழமையில திரும்பிடுவம் தம்பி. நாலு மாசம் காணாதே?”

“காணா மேடம். சட்டம் அப்பிடி.” அவர் குரலைத் தாழ்த்தினார். “ஒங்கடதுல ஒரு பிரச்சினயுமில்ல. நீங்க போகலாம். புள்ளய வெளிய ஆருட்டயாவது குடுத்துட்டு வாங்க, இன்னும் நேரம் ஈக்கி.”

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். விஷயத்தைக் கேட்ட அப்பா தலையில் அடித்துக்கொண்டார். பிறகு சட்டென்று, “சரி, நீர் போம். பிள்ளையை நான் பாப்பன். ஓடும், ஓடும்!” என்றார்.

“இல்லையப்பா. பிள்ளை அழுவாள்.”

நான் அழவில்லை. அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. விமானத்தில் தருகிற சாப்பாடு போய்விட்டதே என்று ஒரு சின்னக் கவலை, அவ்வளவுதான். அப்பா கெஞ்சினார், ஏசினார், கடைசியில் வான்காரருக்கு அழைப்பு எடுத்தார். திரும்பி வரும்போது அம்மா என் தோளில் சாய்ந்து வாயைத் திறந்தபடி நித்திரை கொண்டார். பெரியப்பாவின் அழைப்புக்குப் பிறகு அவர் அப்படி அயர்ந்ததை அன்றைக்குத்தான் கண்டேன்.

அடுத்த கிழமையே அப்பா என்னைப் பத்தரமுல்லைக்குக் கூட்டிப்போய் ஒருநாள் சேவையில் புதுப் பாஸ்போர்ட் எடுத்துத் தந்தார். இனிப் போக வேண்டியதுதானே? அப்பா சொன்ன முதல் நாள் செவ்வாய்க்கிழமை. அம்மா ஆகாது என்றார். அடுத்தது அட்டமி. பிறகு எனக்கு இருமல். அதுவரை பஞ்சாங்கத்தைத் தொட்டுப் பார்க்காத அம்மா, இப்போது அப்பாவைவிடக் கெட்டிக்காரியாகி ஒவ்வொரு நாளிலும் ஒரு குற்றம் கண்டுபிடித்தார். பெரியம்மாவுக்கென்று இடித்த மிளகாய்த்தூள் எங்கள் கறிக்குள் போகத் தொடங்கியது. “வைச்சிருந்தால் தூள் கெட்டுப்போகும்தானே” என்றார். பெரியப்பா அழைத்தால், “பிள்ளையின்ர பாஸ்போட்டால பிந்திப்போச்சுது அத்தான்” என்று ஒவ்வொரு தரமும் அதையே சொன்னார்.

பெரியம்மா செத்துப்போனார். சாவீட்டை நாங்கள் வெள்ளவத்தை வீட்டுக் கதிரைகளில் இருந்து மடிக்கணினியில் பார்த்தோம்.

பல வருடம் கழித்து, நான் டிக்கெட் கடை வேலையில் சேர்ந்த புதிதில், அம்மா சோறு போட்டுக்கொண்டிருந்தபோது தானாகச் சொன்னார். “எனக்கு அவவை அந்தக் கோலத்தில பாக்கப் பயமாக் கிடந்தது பிள்ளை. என்னைத் தூக்கி வளர்த்த மனுசி. எயார்போட்டில அந்தத் தம்பி ஏலாது எண்டு சொன்னவுடன… நல்லதாப் போச்சு எண்டு நினைச்சிட்டன்.” அம்மாவை நினைத்து எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. இத்தனை வருடமும் அதைத் தனியாகச் சுமந்திருக்கிறாரே!

ஆனால் எட்டு வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம் வேறு. துக்கம் விசாரிக்க வந்த ஒவ்வொருவரும் என்னைத்தான் பார்த்தார்கள். மேல்மாடி அன்ரி மூக்கைச் சீறிக்கொண்டு, “கடைசியில இந்தப் பிள்ளையின்ர பாஸ்போட் எல்லே கெடுத்துப்போட்டுது. கூடப்பிறந்தவளின்ர முகத்தைப் பாக்கக் குடுத்து வைக்கேல்லையே” என்றார். நான் ஏதோ பெரிய பாவம் செய்துவிட்டேன் என்று கதவுக்குப் பின்னால் போய் நின்றேன். அம்மா எழுந்து வந்து என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார். “பிள்ளை என்ன செய்யும்? பிள்ளையில ஒரு பிழையும் இல்லை. பிள்ளையில ஒரு பிழையும் இல்லை” என்று சொல்லிச் சொல்லி அழுதார்.

அம்மா என்னை மன்னித்துவிட்டார் என்று நினைத்தேன். நல்ல பிள்ளையாக அவருடைய கண்ணீரைத் துடைத்து, “இனிமேல் கவனமா இருக்கிறன் அம்மா” என்று சொன்னேன். அதைக் கேட்டு அவர் ஏன் அப்படிக் குழறி அழுதார் என்று எனக்கு விளங்கவில்லை.