கோலி சந்தியாகுவின் வலது காது

போன மாதம் உப்பு வாங்கும் வேலையாக வேம்பாருக்குப் போயிருந்தேன். கடற்கரைச் சாலையில் வந்து நின்ற பஸ்ஸிலிருந்து கண்டக்டர் இறங்கி என்னிடம் வந்தார். "அண்ணாச்சி, உங்க அத்தான் தவறிட்டாவளாம். இந்த வண்டியிலேயே ஏறிருங்க" என்றார். நம் திரேஸ்புரம் வந்து சேரும்வரை அவர் என்னிடம் டிக்கெட் கேட்கவில்லை.

அத்தான், என் அக்காவின் கணவர் சந்தியாகு. உங்களுக்கெல்லாம் கோலி சந்தியாகு. நம் கால்பந்துக் குழுவின் கோலில் தலை நரைக்கும்வரை நின்றவர். பந்தைப் பிடித்ததும் நெஞ்சோடு அணைத்துக்கொள்வார். "பச்சப்பிள்ளைய வாங்குத மாதிரி வாங்கணும் மாப்ள" என்பார்.

ஆட்டமில்லாத நாட்களில் கடலில் மூழ்கிச் சங்கு குளித்தார். குளிப்பவரின் கயிற்றை வள்ளத்தில் இருந்து மச்சினன்தான் பிடிக்க வேண்டும் என்பது நம் கரை வழக்கம். அக்காள் தாலியறுக்க எந்தத் தம்பியும் விடமாட்டான் என்ற கணக்கு. இந்த எழுபதுகளின் தொடக்கத்தில் ஒருநாள், நான் கயிற்றை இழுக்க மேலே வந்தவரின் வலது காதில் ரத்தம் வடிந்தது. அதோடு அந்தக் காது போயிற்று. "வெளிய சொல்லாத. கடல விட்டாலும் விடுவேன், கோல விடமாட்டேன்" என்றார். தண்ணீருக்குள் மூச்சு முட்டுகிறது என்று ஊருக்குச் சொல்லிவிட்டு, துறைமுகத்தில் மூட்டை ஏற்றப் போனார்.

வலது பேக் ஆடிய என்னை இடப்பக்கம் மாற்றச் சொன்னதும் அவர்தான். இடது காலால் ஒழுங்காக உதைக்கத் தெரியாதவனை அங்கே நிறுத்தியதற்கு நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். இடப்பக்கமிருந்து கத்தினால்தான் அவருக்குக் கேட்கும்.

கச்சான் காற்று மண்ணை வாரி இறைத்த அந்த இறுதி ஆட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். அத்தானுக்கு வலப்பக்கம் நின்ற ரெஃப்ரி ஆஃப்சைடு விசில் ஊதியதும் எதிர்க்குழு ஆள் நின்றுவிட்டான். அத்தான் நிற்கவில்லை. பாய்ந்து அவன் காலில் விழுந்தார். அவனுக்கு முழங்கால் பிசகியது. வேண்டுமென்றே செய்ததாக நினைத்து ரெஃப்ரி அவரை வெளியே போகச் சொன்னார். விசில் கேட்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் வாயைத் திறந்தேன். அத்தான் வேண்டாம் என்று தலையசைத்தார். கூட்டம் ஏச ஏச வெளியே நடந்தார். ஆட்டத்திலும் தோற்றோம்.

வீட்டுக்குப் போகும் வழியில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"முரடன்னா கோவம் தீந்ததும் கூப்பிடுவானுவ மாப்ள. செவிடன்னா பாவம் பாப்பானுவ, கூப்பிட மாட்டானுவ."

அவர் சொன்னபடியே அடுத்த வருடம் கூப்பிட்டீர்கள். போன வருடம்வரை நின்றார்.

அடக்கத்தன்று உங்களில் ஒருவர், "நல்ல கோலி, ஆனா கொஞ்சம் முரடு" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அதனால்தான் இத்தனையையும் எழுதுகிறேன். இனிமேல் அவரை யாரும் குழுவிலிருந்து எடுத்துவிட முடியாது.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம். யாரோடு நடந்தாலும் என்னையறியாமல் அவர்களின் இடப்பக்கம் போய்விடுகிறேன். கல்லறையிலிருந்து அக்காவை வீட்டுக்குக் கூட்டிவந்தபோதும் அப்படித்தான் நடந்தேன். காது விஷயம் அவளுக்குத் தெரியாது என்றே இத்தனை காலம் நினைத்திருந்தேன். பாதி வழியில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்:

"எனக்கு ரெண்டு காதும் கேக்கும்லே."