ரோமாபுரியில் பஸ் ஏது?

வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுகை முடிந்து கடைகள் திறக்கத் தொடங்கிய நேரத்தில் அஜ்மானை விட்டுக் கிளம்பினோம். காரை ஓட்டியவன் சந்தானம். திருச்சியில் என்னோடு கல்லூரியில் படித்தவன்; சில நாள் அவன் வீட்டில் தங்க வந்திருந்தேன். இப்போது இங்கே ஒரு கட்டுமானக் கம்பெனியில், துபாயின் ஜெபல் அலிக்குப் பக்கத்தில் இருக்கும் தொழிலாளர் கேம்ப்பின் நிர்வாக அதிகாரி. வாடகை குறைவு என்று அஜ்மானில் குடியிருக்கிறான். போக எழுபது கிலோமீட்டர், வர எழுபது. மற்ற நாட்களில் ஷார்ஜாவைத் தாண்டுவதற்குள்ளேயே பாதி உயிர் போய்விடும் என்றான். அன்று விடுமுறை. எமிரேட்ஸ் சாலை காலியாகக் கிடந்தது. இரண்டு பக்கமும் மணல், நடுநடுவே பாதி எழும்பி நிற்கும் கட்டடங்கள், அவற்றின் மேல் அசையாத கிரேன்கள்.

பின்சீட்டில் அவன் மனைவி உமாவும் மகள் நிலாவும் இருந்தார்கள். அவர்களுக்கு நடுவே ஒரு மூட்டை வெள்ளைப் படுக்கை விரிப்புகள். ஓரத்தில் சிவப்பு நாடா வைத்து உமா தைத்திருந்தாள். ரோமாபுரிப் பிரபுக்களின் அங்கிகள்.

"பெட்ஷீட்டைக் கட்டிக்கிட்டு ஸ்டேஜ்ல ஏறப்போறியா டாடி? ஸோ எம்பாரஸிங்!" என்றாள் நிலா.

கேம்ப்பில் அன்று மாலை நாடகம். எழுதியவனும் முக்கிய வேடம் போடுபவனும் சந்தானமே. வழியில் ஒரு சாயாக்கடையில் நிறுத்தினான். டம்ளர் ஒரு திர்ஹம். குடித்துக்கொண்டே கதையைச் சொன்னான். பழைய ரோமில் ஏழை ஜனங்கள் பிரபுக்களோடு கோபித்துக்கொண்டு நகரத்தை விட்டு வெளியேறி ஒரு மலையில் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். அவர்களைத் திரும்ப அழைத்துவர, பேச்சில் வல்லவர் ஒருவரைப் பிரபுக்கள் அனுப்புகிறார்கள். அவர் ஒரு கதை சொல்கிறார்: 'உழைப்பதெல்லாம் நாம், உண்பது மட்டும் வயிறா' என்று கைகால்கள் வேலையை நிறுத்தினவாம், வயிறு காய்ந்ததும் கைகால்களும் சோர்ந்து விழுந்தனவாம். கேட்ட ஜனங்கள் மனம் மாறி இறங்கி வருகிறார்கள்.

"கதையைக் கேட்டதும் இறங்கிட்டாங்களா?" என்றேன்.

சந்தானம் டம்ளரைப் பார்த்தான். "இல்லடா. அவங்களுக்காகப் பேச அவங்கள்லயே ரெண்டு பேரைத் தேர்ந்தெடுத்துக்கலாம்னு பிரபுக்கள் ஒத்துக்கிட்ட பிறகுதான் இறங்கினாங்க. அதை வெட்டிட்டேன்."

"ஏன்?"

"கம்பெனி மேனேஜர்தான் நாடகம் போடச் சொன்னார். கொஞ்ச நாளா கேம்ப்ல முணுமுணுப்பு. டூட்டி முடிஞ்சா பஸ் நேரத்துக்கு வர்றதில்ல. ரோட்டோரமா மணிக்கணக்கா நிக்கிறாங்க. 'ஏதாவது செஞ்சு மனசைக் குளிர வை'ன்னார். இங்க ஸ்டிரைக் அது இதுன்னா விசாவைக் கேன்சல் பண்ணி ஊருக்கு அனுப்பிடுவாங்க. அவங்களுக்கும் நல்லதுன்னுதான்..." உமா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான்கு மணிக்குக் கேம்ப். மூன்று மாடிக் கட்டடங்கள் இரண்டு, எல்லாக் கைப்பிடிகளிலும் துவைத்த துணிகள். நடு முற்றத்தில் ஒரு டிரெய்லர் லாரியின் தட்டுதான் மேடை. அதன் ஒரு பக்கம் மரப் பலகைகளை அடுக்கி, மேலே பழுப்புத் தார்ப்பாய் போர்த்தி மலையாக்கியிருந்தார்கள். முந்நூறு பேராவது தரையில் உட்கார்ந்திருப்பார்கள். மலைமேல் உட்காரும் ஜனங்களாகக் கேம்ப் ஆட்களே எட்டுப் பேர் நடித்தார்கள். அவர்களின் தலைவனாக நடித்தவர் செல்வம், அரியலூர்ப் பக்கத்துக்காரர், கம்பி கட்டும் வேலை.

முன்வரிசையில் நாற்காலி போட்டு என்னை உட்காரவைத்தார்கள். பக்கத்து நாற்காலியில் மேலாளர். தில்லிக்காரர், தமிழ் தெரியாது. "நீங்கள் எனக்கு அவ்வப்போது சொல்லிக்கொண்டு வாருங்கள்" என்று ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டார். சரி என்றேன்.

சந்தானம் நன்றாகப் பேசினான். கல்லூரியில் பட்டிமன்றம் பேசிய குரல் இன்னும் அப்படியே இருந்தது. வயிற்றின் கதையை அவன் ஏற்றி இறக்கிச் சொன்னபோது முற்றத்தில் இருமல்கூட இல்லை. மேலாளருக்குச் சொன்னேன், தலையாட்டி ரசித்தார். கதை முடிந்தது. இப்போது செல்வம், 'உண்மை உணர்ந்தோம் பிரபுவே, திரும்புகிறோம்' என்று சொல்லி மலையிலிருந்து இறங்க வேண்டும்.

செல்வம் எழுந்து நின்றார். இறங்கவில்லை.

"பிரபுவே, கத நல்லாருக்கு. வயிறு நெறஞ்சாத்தான் கைகாலுக்குத் தெம்புன்னீங்க, சரி. ஆனா டூட்டி முடிஞ்சு பஸ்ஸுக்கு நின்னு நின்னே காலு வீங்கிப் போவுதே, அத வயித்துக்கிட்ட யாரு போயி சொல்றது?"

கூட்டம் வெடித்துச் சிரித்தது. பின்னாலிருந்து ஒருவர், "ரோமாபுரில ஏதுய்யா பஸ்ஸு?" என்று கத்த, சிரிப்பு இன்னும் பெரிதானது. செல்வம் மட்டும் சிரிக்கவில்லை.

மேலாளர் என் பக்கம் சாய்ந்தார். "என்ன சொன்னார்?"

மழுப்பிவிடலாம் என்று தோன்றியது. செல்வத்தைக் காப்பாற்றுவதற்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளவும் முடியும். ஆனால் முந்நூறு பேர் கேட்டுவிட்ட ஒரு கேள்வி, அது யாருக்கானதோ அவருக்கு மட்டும் போய்ச் சேராமல் நிற்பதா? "கால் வீங்குகிறது, அதை வயிற்றிடம் யார் போய்ச் சொல்வது என்று கேட்கிறார்" என்றேன்.

"பஸ் என்ற சொல் என் காதில் விழுந்ததே?"

"ஆமாம். பஸ்ஸுக்கு நின்று வீங்குகிறதாம்."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்து மேடையைப் பார்த்தார்.

மேடையில் சந்தானம் விரிப்பின் நுனியைப் பிடித்தபடி நின்றான். அவனுக்கும் மேலாளரின் முகம் தெரிந்தது. 'வாயை மூடு' என்ற ஒரு வசனம் போதும், பிரபு வேடத்துக்கும் பொருந்தும். அவன் பலகைகள் மேல் இரண்டு அடி ஏறினான். செல்வத்துக்கு எதிரே, அதே உயரத்தில் நின்றான்.

"உங்களில் இருவரை நீங்களே தேர்ந்தெடுங்கள். அவர்கள் எங்கள் சபைக்கு வந்து பேசட்டும். அவர்கள் பேசி முடிக்கும்வரை எங்களில் எவரும் எழ மாட்டோம்" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, தன் சொந்தப் பேச்சில், "நான் கூட்டிக்கிட்டுப் போறேன் செல்வம். இறங்கி வாங்க" என்றான்.

செல்வம் இறங்கினார். கைதட்டலில் ஒலிபெருக்கி கரகரத்தது. மேலாளர் தட்டவில்லை; எழுந்து போகவும் இல்லை.

பிறகு சமையற்கூடத்துக்கு வெளியே செல்வத்தைப் பார்த்தேன். "முன்னாடியே முடிவு பண்ணிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல சார். காலு காலுன்னு அவரு சொல்லச் சொல்ல வாய்ல வந்துருச்சு. நாளைக்கு வேல இருக்குமோ என்னமோ" என்றார்.

திரும்பும் வழியில் நிலா தூங்கிவிட்டாள். உமா சொன்னாள்: "இன்னிக்குத்தாங்க அந்தப் பெட்ஷீட் உங்களுக்கு நல்லா இருந்துச்சு."

மறுநாள் மேலாளர் சந்தானத்தை அழைத்து, 'நீ யாருடைய ஆள்?' என்று கேட்டாராம். 'உங்க ஆள்தான். அதனாலதான் பஸ் விஷயத்தை உங்க காதுக்குக் கொண்டு வந்தேன்' என்றானாம். நான் ஊர் திரும்புவதற்குள் இன்னொரு பஸ் விட்டார்கள். மாதக் கூட்டத்துக்கு இரண்டு பேர் வரலாம் என்றும் ஆனது. கேம்ப் ஆட்கள் செல்வத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. நிதானமாகப் பேசும் வேறு இருவரை அனுப்பினார்கள். செல்வத்துக்கு அதில் வருத்தமில்லை, நிம்மதிதான். சந்தானத்தைக் கேம்ப் பொறுப்பிலிருந்து எடுத்துக் கிடங்குக்கு மாற்றினார்கள். சம்பளம் அதே. விமான நிலையத்தில் அதைச் சொன்னபோது தோளைக் குலுக்கினான். "சாமான்கள் எதுவும் கேள்வி கேக்காதுல்ல" என்றான். சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை.

திருச்சியில் இறங்கி டாக்சி பிடித்தேன். பாலக்கரை முனையில் பொதுக்கூட்டம். தெரு முழுக்க ஆட்கள், வண்டி நகரவில்லை. மேடையில் ஒருவர் முழங்கிக்கொண்டிருந்தார். வரிக்கு வரி கைதட்டல். டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு, கண்ணாடியை இறக்கிக் கேட்டார்.

"என்னமா பேசுறாரு பாத்தீங்களா சார்!"

களைப்பில் நான் சரியாகக் கவனித்திருக்கவில்லை. "என்ன சொல்றாரு?" என்று கேட்டேன்.

"அது தெரியல சார்," என்றார். "ஆனா நல்லா பேசுறாரு." சொல்லிவிட்டு, இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துத் தட்டினார்.